இரட்டை எம்.ஏ. வீட்டில் ஒரு மெக்கானிக்

அந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் அவரை எல்லோரும் 'டபுள் எம்.ஏ.' என்றுதான் கூப்பிடுவார்கள். அது ஊர் வைத்த பேர் இல்லை. அவரே வைத்துக்கொண்டு, ஊருக்குப் பழக்கிவிட்ட பேர். வரலாற்றில் ஒரு எம்.ஏ., பொருளாதாரத்தில் ஒரு எம்.ஏ. வரலாறு படித்ததால் பழசை மறக்க மாட்டார். பொருளாதாரம் படித்ததால் பழசைத் தூக்கிப் போடவும் மாட்டார். வேலை, ஒரு காப்பீட்டு நிறுவனத்தில். மேற்பார்வையாளர் பார்த்து முடித்த கோப்பை இன்னொரு தடவை பார்த்து, "பார்த்தேன்" என்று எழுதுவது.

மகளின் பள்ளித் தேர்வு முடிவு வந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் ஒரு மாபெரும் முடிவெடுத்தார். மகள் பி.காம். படிக்க வேண்டும். அதுவும் அடுத்த தெருக் கல்லூரியில். பால்கனியில் நின்று கழுத்தைக் கொஞ்சம் நீட்டினால் அந்தக் கல்லூரி வாசல் தெரியும். மகள் உள்ளே போவதும் தெரியும், வெளியே வருவதும் தெரியும். நடுவில் படித்துக்கொள்வாள். ஒரு தகப்பனுக்கு இதைவிட நல்ல கல்லூரி எங்கே கிடைக்கும்?

மகளுக்கு வேறு ஆசை இருந்தது. ஒரு ராத்திரி முழுக்க ரயிலில் போனால் வரும் கடலோர ஊரில், விடுதியில் தங்கி, கடலியல் படிக்க வேண்டும் என்றாள். "கடலைப் பத்திப் படிக்க என்ன இருக்கு? தண்ணி, உப்பு. முடிஞ்சுது பாடம்" என்று அவர் அந்தப் பேச்சை அன்றைக்கே மூழ்கடித்துவிட்டார்.

எனவே ஞாயிற்றுக்கிழமை, காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுத் தொண்டையைக் கனைத்து, பி.காம். தீர்ப்பைப் படித்தார். மகள் பொறுமையாகக் கேட்டாள். பிறகு சொன்னாள்:

"அப்பா, நான் எந்தக் காலேஜுக்கும் போகலை."

"என்னது?"

"மாமாகிட்ட ஏ.சி. மெக்கானிக் வேலை கத்துக்கப் போறேன்."

மாமா என்றால் மனைவியின் தம்பி. பள்ளிக்கூடத்தோடு புத்தகத்தைக் கீழே வைத்து ஸ்பானரைக் கையில் எடுத்தவன். இப்போது சொந்தமாக வேன், சொந்தமாக வீடு, கையில் எப்போதும் அடித்துக்கொண்டே இருக்கும் ஒரு போன். ஊரையே குளிர வைப்பது அவன் தொழில். அவன் பேரைக் கேட்டாலே டபுள் எம்.ஏ.வுக்கு மட்டும் உடம்பு சூடாகும்.

"உங்க மாமா என்ன படிச்சிருக்கான்? என்கிட்ட ரெண்டு டிகிரி இருக்கு, தெரியுமில்ல?"

"மாமாகிட்ட பதினாறுலேர்ந்து முப்பது வரைக்கும் இருக்குப்பா. ரிமோட்டை அமுக்கினா போதும்."

"இந்த நக்கல்தானே வேண்டாங்கிறது! பட்டம் வாங்கினா உயர உயரப் பறக்கலாம், கண்ணு."

"பறக்கலாம்ப்பா. நூல் யார் கையில இருக்குன்னு பாக்கணும்ல?"

அவர் தன்னையறியாமல் சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அங்கிருந்து மனைவி கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"ஏய், அப்பா சொல்றதைக் கேளுடி. ரெண்டு எம்.ஏ. படிச்சவரு தப்பாவா சொல்வாரு?"

டபுள் எம்.ஏ.வுக்கு மூச்சே நின்றுவிட்டது. சூரியன் கிழக்கே உதிக்கிறது என்று அவர் சொன்னால், "இன்னிக்கு மேகமா இருக்கு, பாத்துட்டுச் சொல்லலாம்" என்பவள் அவள். அவள் அவர் பக்கம் பேசி அவர் கேட்டதே இல்லை. சந்தோஷப்படுவதா, சந்தேகப்படுவதா என்று புரியாமல் இரண்டையும் பாதிப் பாதி பட்டார்.

"ஆனா ஏங்க," என்றாள் மனைவி, "இந்தக் காலத்துப் பிள்ளைங்க வெறும் வாய்ப் பேச்சை நம்பாதுங்க. கைத்தொழில் பண்றவங்களைவிட டிகிரி படிச்சவங்கதான் நல்லா சம்பாதிக்கிறாங்கன்னு நாலு பேரைக் கேட்டு வந்து சொல்லிடுங்க. அப்புறம் இவ வாயைத் திறப்பாளா?"

நியாயமான பேச்சு. சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். ஆதாரத்துக்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. எதிர் வீட்டிலேயே ஓய்வுபெற்ற வேதியியல் பேராசிரியர் இருந்தார். கதவு திறந்தே இருந்தது. பேராசிரியர் கையில் டார்ச் லைட்டோடு சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்தார். பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியிலிருந்து பிளம்பரின் இரண்டு கால்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன.

"சார், ஒரே ஒரு கேள்வி. டிகிரியா, கைத்தொழிலா? எதுல வருமானம் ஜாஸ்தி?"

"கொஞ்சம் இருங்க," என்றார் பேராசிரியர். "இவர் எவ்வளவு கேக்கிறாருன்னு பாத்துட்டுச் சொல்றேன்."

தொட்டிக்கு அடியிலிருந்து ஒரு தொகை வந்தது. பேராசிரியர் டார்ச்சை அணைத்தார்.

"கைத்தொழில்தான் சார். சந்தேகமே இல்லை."

உடனே பிளம்பர் தலையை வெளியே நீட்டினார். "என்ன சார் இப்படிச் சொல்றீங்க? இந்த முட்டியைப் பாருங்க. மடக்கினா நீட்ட முடியல, நீட்டினா மடக்க முடியல. நான் படுத்தா அன்னிக்கு வருமானமும் படுத்துக்கும். நீங்க படுத்தாலும் பென்ஷன் நடந்து வருது. என் பொண்ணை நான் டிகிரிதான் படிக்க வைக்கிறேன்."

"அப்ப டிகிரிதான்!" என்று துள்ளினார் டபுள் எம்.ஏ.

"அட, இருங்க சார்," என்றார் பேராசிரியர். "என் பையன் டிகிரி படிச்சான். அதுக்கு மேல படிச்சான். அதுக்கும் மேல படிச்சான். இப்ப மேல படிக்க ஒண்ணுமே இல்லாம மேல் ரூம்ல படுத்திருக்கான். ஏம்ப்பா, அவனை உன்கூட அனுப்பட்டுமா?"

பிளம்பர் பதறிப்போனார். "ஐயையோ, வேணாம் சார். அவ்வளவு படிச்சவரைப் பாத்து, அந்த ரெஞ்சை எடுடான்னு நான் எந்த வாயால சொல்வேன்?"

டபுள் எம்.ஏ. விடவில்லை. வாசலில் ஒரு டாக்சிக்காரரைப் பிடித்தார். அவர் என்ஜினீயரிங் படித்தவராம். "டிகிரி ரொம்ப உதவுது சார்," என்றார் அவர் நல்ல மனதோடு. "வண்டியை எத்தனை டிகிரி திருப்பணும்னு கரெக்டாத் தெரியுது."

வீட்டுக்குத் திரும்பினார்.

"என்னங்க, தெரிஞ்சுதா?" என்றாள் மனைவி.

"தெரிஞ்சுது. டிகிரி படிச்சவரு கைத்தொழில்ங்கிறாரு. கைத்தொழில் பண்றவரு டிகிரிங்கிறாரு."

"அப்படின்னா?"

"இக்கரைக்கு அக்கரை பச்சை."

"நாம எந்தக் கரைங்க?"

அவர் யோசித்துப் பார்த்தார். "நடுத்தண்ணி" என்றார்.

மனைவி அவரைப் பரிதாபமாகப் பார்த்தாள். "ஒண்ணு செய்யலாம். ஒரு மாசம் என் தம்பிகூடப் போய் வேலை பாக்கட்டும். பட்டாத்தான் புத்தி வரும். கஷ்டம் தெரிஞ்சா அவளே காலேஜுன்னு ஓடி வருவா."

அவருக்கு மூளையில் ஒரு விளக்கு எரிந்தது. கஷ்டம்! கஷ்டம் தானாக வருமா? நாம்தான் வரவழைக்க வேண்டும். மறுநாள் அலுவலக மாடிப்படி மூலையில் நின்று மச்சினனுக்கு ரகசியமாகப் போன் போட்டார்.

"மாப்ளே, நான்தான்."

"சொல்லுங்க அத்தான். ஏ.சி.ல கூலிங் பத்தலையா?"

"எங்க வீட்லதான் ஏ.சி.யே இல்லையே."

"அதான் எப்பவும் சூடாவே இருக்கீங்க."

கோபத்தை விழுங்கிக்கொண்டார். காரியம் பெரிது. "பாப்பா உன்கிட்ட வேலைக்கு வருதுல்ல? இருக்கிறதுலயே மோசமான வேலையாப் பாத்துக் குடு. மொட்டை மாடி, உச்சி வெயில், புறா எச்சம், எலிக்கூடு, எல்லாம் வேணும். ஒரே வாரத்துல அழுதுக்கிட்டே காலேஜுக்கு ஓடணும். இது நம்ம ரெண்டு பேருக்குள்ள இருக்கட்டும்."

"சரி அத்தான். நான் யார்கிட்டயும் மூச்சு விட மாட்டேன்."

அவன் ரொம்பச் சீக்கிரம் ஒத்துக்கொண்டான். பொருளாதாரம் படித்தவர், மலிவாகக் கிடைக்கும் பொருளைச் சந்தேகித்திருக்க வேண்டும். சந்தேகிக்கவில்லை.

சாயங்காலம் மனைவி சொன்னாள்: "வயசுப் பொண்ணை ஊரார் வீட்டு மொட்டை மாடிக்கெல்லாம் தனியா அனுப்ப முடியுமா? துணைக்கு நானும் போறேன்." அவர் தாராளமாகத் தலையாட்டினார். எலிக்கூட்டைப் பார்த்தால் அம்மாவும் சேர்ந்து அலறுவாள். ஒரு கல்லில் இரண்டு மாங்காய்.

முதல் நாள் சாயங்காலம் அவர் ஆறுதல் சொல்லத் தயாராக, முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு வாசலில் காத்திருந்தார். அம்மாவும் மகளும் சிரித்துக்கொண்டே படியேறி வந்தார்கள்.

"அப்பா! ஒரு யூனிட்டுக்குள்ள புறா முட்டை போட்டிருந்துச்சுப்பா. முட்டையைப் பத்திரமா எடுத்து ஓரமா வச்சு, வேலையை முடிச்சுட்டு, திரும்பக் கூட்டைக் கட்டிக் குடுத்தோம். அம்மா புறாவுக்கு ஒரே சந்தோஷம்."

"வெயில்?"

"வைட்டமின் டி ப்பா."

நாளுக்கு நாள் அவருக்குத்தான் வெயில் ஏறியது. சாப்பாட்டு நேரத்தில் நடந்த பேச்சில் பாதி அவருக்கு விளங்கவில்லை. ஒருநாள் மனைவி பெருமூச்சு விட்டபடி, "இன்னிக்குக் கெப்பாசிட்டர் பொசுக்குன்னு போயிடுச்சுங்க" என்றாள்.

"அடப்பாவமே. உன் தம்பிக்குத் தெரிஞ்சவரா?"

அம்மாவும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. அவர் இரண்டு பேர் தலையிலும் தட்டினார். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று மட்டும் கேட்கவில்லை.

இன்னொன்றும் புரியவில்லை. வேலை கற்றுக்கொள்ளப் போனவள் மகள். அவள் கை வெள்ளையாக இருந்தது. துணைக்குப் போனவள் மனைவி. அவள் நகக்கண்ணெல்லாம் கருப்பு.

"நீ துணைக்குத்தானே போன?"

"சும்மா நின்னா நல்லாவா இருக்கும்? ஸ்க்ரூ டிரைவரைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன்."

மூன்றாவது வாரத்தில் அவர் அலுவலகத்தில் மேலாளர் அறையின் ஏ.சி. மூச்சை நிறுத்தியது. மேலாளர் கோபக்காரர். ஏ.சி. ஓடும்போதே கொதிப்பவர். இப்போது சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டுக்கொண்டு, "யாராவது ஆள் கூப்பிடுங்கய்யா" என்று கத்தினார். யாரோ கூப்பிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் ஏணி ஒன்று உள்ளே வந்தது. ஏணிக்குப் பின்னால் மகள் வந்தாள். மகளுக்குப் பின்னால், தலையில் தொப்பியும் இடுப்பில் கருவிப் பையுமாக, மனைவி வந்தாள்.

அதே அறையின் ஓரத்தில் மேஜை போட்டிருந்த டபுள் எம்.ஏ. ஒரு கோப்பைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். அது தலைகீழாக இருந்தது.

மனைவி நேராக அவர் மேஜைக்கு வந்தாள். "சார், கொஞ்சம் நகர்றீங்களா? ஏணி போடணும்."

சார்! கல்யாணமானதிலிருந்து அவள் வாயால் வராத ஒரு சொல். அவர் எழுந்தார். நாற்காலியோடு நகர்ந்தார். சுவரோடு சுவராக ஒட்டி நின்றார். மகள் ஏணியைப் பிடித்துக்கொள்ள, மனைவி மேலே ஏறினாள். மூடியைக் கழற்றி, எதையோ துடைத்து, எதையோ மாற்றி, எதையோ முறுக்கினாள். கீழே நின்ற மகள், அம்மா கேட்ட கருவியைக் கேட்டவுடன் கொடுத்தாள். ஒருதடவை அப்பாவைப் பார்த்துக் கண்ணடித்தாள். அறைக்குள் குளிர்ந்த காற்று வந்தது. மேலாளர் கண்ணை மூடிக்கொண்டார். அவர் முகத்தில் அப்படி ஒரு சாந்தத்தை அந்த அலுவலகம் பார்த்ததே இல்லை.

"யாரு பெத்த பிள்ளைம்மா நீ? தங்கம்!" என்றார் மேலாளர் மகளிடம்.

டபுள் எம்.ஏ.வின் நெஞ்சு ஒரு பக்கம் விம்மியது. "என் பிள்ளை" என்று சொல்ல வாய் திறந்தது. "அப்ப அந்த அம்மா யாரு?" என்ற அடுத்த கேள்வி நினைவுக்கு வந்ததும் திறந்த வாயைக் கொட்டாவியாக மாற்றிக்கொண்டார்.

அவர்கள் போன பிறகு மேலாளர் அவரைக் கூப்பிட்டார். "பாத்தீங்களாய்யா? அரை மணி நேரத்துல வேலையை முடிச்சுட்டுப் போயிட்டாங்க. நீங்களும்தான் இருக்கீங்களே, ரெண்டு எம்.ஏ. படிச்சுட்டு. ஒரு கோப்பை நேரா வச்சுப் படிக்கத் தெரியல."

அன்று சாயங்காலம் அவர் உடைந்துபோனார். இன்னும் ஒரு வாரம் விட்டால் மகள் காலம் முழுக்க ஏணியில் நிற்பாள், மேலாளர் காலம் முழுக்க ஒப்பிடுவார். மகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார்.

"கண்ணு, அப்பா கெஞ்சிக் கேக்கிறேன். காலேஜுக்குப் போ."

"பி.காம். எனக்குப் பிடிக்கலையேப்பா."

"பி.காம். வேணாம். உனக்கு எது பிடிக்குதோ அது."

"இந்த ஊர்க் காலேஜும் பிடிக்கலை."

"எந்த ஊரா இருந்தாலும் சரி, எந்தக் காலேஜா இருந்தாலும் சரி. தண்ணி, உப்பு, மீன், எதை வேணும்னாலும் படி!"

மகள் தலையைக் குனிந்துகொண்டாள். "அவ்வளவு தூரம், விடுதி... அம்மா விட மாட்டாங்களே."

"ஆமா, விட மாட்டேன்!" என்றாள் மனைவி சமையலறையிலிருந்து. "ஒத்தைப் பொண்ணை ரயிலேத்தி அனுப்பிட்டு நான் எப்படி இருப்பேன்?"

இதற்காகத்தான் அவர் இத்தனை வருஷம் காத்திருந்தார். எழுந்து நின்றார். மேஜையைக் குத்தினார்.

"இந்த வீட்ல நான் சொல்றதுதான் நடக்கும்! என் பொண்ணு கடலைத்தான் படிப்பா! யாரும் குறுக்க வரக் கூடாது!"

மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நீங்க சொன்னா சரிதாங்க" என்று முனகினாள். விண்ணப்பத்தில் அப்பா கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை மகள் காட்ட, இரண்டு எம்.ஏ.வையும் பேருக்குப் பின்னால் சேர்த்து, பெரிதாகப் போட்டார். அன்று ராத்திரி அவர் தூங்கவில்லை. ஜெயித்துப் பழக்கமில்லாதவர்களுக்கு ஜெயித்த ராத்திரியில் தூக்கம் வராது.

மகள் கிளம்பிய நாளில் மச்சினன் தன் வேனிலேயே பெட்டிகளை ஏற்றிக்கொண்டு ரயில் நிலையத்துக்கு வந்தான். ஜன்னல் கம்பிக்குள்ளிருந்து மகள் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "தண்ணிகிட்ட பாத்துப் போ கண்ணு" என்று அவர் அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். ரயில் வளைவில் மறையும் வரைக்கும் கையை ஆட்டிக்கொண்டே நின்றார். ரயில் மறைந்ததும் மனைவி தண்ணீர் பாட்டில் வாங்கப் போனாள்.

"நல்லவேளை அத்தான்," என்றான் மச்சினன், "ரிசல்ட் வந்த அன்னிக்கே சீட்டுக்குச் சொல்லி வச்சாங்க. உங்க கையெழுத்து மட்டுந்தான் பாக்கி. இல்லேன்னா இந்தக் காலேஜுல எடம் கிடைக்குமா?"

ஆட்டி முடித்து இறக்கிய கை பாதியில் நின்றது.

"அன்னிக்குத்தானே ஏ.சி. மெக்கானிக் ஆகப் போறேன்னு பாப்பா சொன்னா?"

மச்சினன் நாக்கைக் கடித்துக்கொண்டான். கடித்த நாக்கை வைத்துக்கொண்டு என்ன செய்வது? மீதியையும் சொல்லிவிட்டான். "நேராக் கேட்டா விடுதிக்கு விட மாட்டீங்க. ஏணியில ஏத்தினா நீங்களே ரயில்ல ஏத்திடுவீங்கன்னு அக்காதான் சொன்னாங்க."

"நான் உனக்கு ரகசியமா போன் பண்ணினேனே?"

"அக்கா பக்கத்துலதான் இருந்தாங்க. ஸ்பீக்கர்ல போட்டேன்."

அவர் நடைமேடை பெஞ்சில் உட்கார்ந்தார். கோபப்படலாமா என்று யோசித்தார். யார் மேல்? மகள் கல்லூரிக்குப் போக வேண்டும் என்றார், போய்விட்டாள். மனைவி வேண்டாம் என்றாள், இவர் அடக்கிவிட்டார். எல்லாம் இவர் சொன்னபடிதான் நடந்திருக்கிறது. ஆனால் எதுவுமே இவர் நினைத்தபடி நடக்கவில்லை. எங்கே இடறியது என்று எவ்வளவு தேடியும் பிடிபடவில்லை. சரி, ஒரு வழியாக இந்த ஏ.சி. கூத்தாவது முடிந்ததே என்று மனதைத் தேற்றிக்கொண்டார்.

மறுநாள் காலையில் அவர் பல் தேய்த்துக்கொண்டு வெளியே வந்தபோது, மனைவி தொப்பியை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"எங்க கிளம்பிட்ட?"

"வேலைக்கு."

"பாப்பாதான் போயாச்சே. யாருக்குத் துணை?"

"எனக்கே கை பழகிடுச்சுங்க. தம்பி விட மாட்டேங்கிறான். பங்குக்குச் சேத்துக்கிட்டான். விடுதிச் செலவும் இருக்குல்ல?"

"எவ்வளவு வருது?" என்று அவர் கேட்டார். அவள் சொன்னாள். அவர் கேட்டிருக்க வேண்டாம். பல் தேய்க்கும் பிரஷ் வாயிலேயே நின்றுவிட்டது. இரண்டு எம்.ஏ.வையும் சேர்த்துத் தராசில் வைத்துப் பார்த்தார். தட்டு அசையவே இல்லை. ஆனாலும் பிளம்பரின் முட்டி ஞாபகம் வந்தது. பேராசிரியரின் பென்ஷனும் ஞாபகம் வந்தது. மகள் படித்து முடித்து யாரைவிட எவ்வளவு சம்பாதிப்பாள் என்பது அந்தக் கடலுக்குத்தான் வெளிச்சம்.

"அப்ப, நீயே சொல்லு," என்றார் நுரையோடு. "டிகிரியா, கைத்தொழிலா? எதுதான் ஒசத்தி?"

கீழே வேனின் ஹாரன் அடித்தது. மனைவி கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, செருப்புக்குள் காலை நுழைத்தாள்.

"சாயங்காலம் வந்து நிதானமா யோசிச்சுச் சொல்றேங்க. குக்கர்ல மூணு விசில் வந்ததும் அடுப்பை அணைச்சிடுங்க."